கலத்தடியில் ஒட்டும் உயிர்கள்

பொன்முடி மலையின் அடிவாரத்தில், நெடுமங்காட்டிலிருந்து விதுரா வழியாக மலையேறும் சாலையில், கல்லாறு என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயராயிற்று. யானைக் கூட்டம் படுத்துக் கிடப்பதுபோலப் பெரும் பாறைகள் கிடக்க, அவற்றின் இடையே தெளிந்த நீர் ஓடிவரும் காட்சியைக் கண்டவர்கள், இதற்கு வேறு எப்பெயரும் பொருந்தாது என்பதை உடனே ஒப்புக்கொள்வர். கல்லும் ஆறும் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொதுச்சொற்கள் ஆதலின், பிழைப்பு நாடி இம்மண்ணுக்கு வந்த நமக்குப் பொருள் சொல்ல ஒருவரும் தேவையில்லை.

பொங்கல் விடுமுறை நாளொன்றில் நம் சங்கத்துக் குடும்பங்கள் சில ஒன்றுசேர்ந்து அங்கே சென்றிருந்தோம். தூக்குச்சட்டியில் புளியோதரை, இலைக்கட்டு, குழந்தைகள் என வழக்கமான பயணந்தான். ஆற்றில் இறங்கிய சிறுவன் ஒருவன் பாறையில் கால்வைத்தவுடன் வழுக்கி விழுந்தான். அடி ஒன்றும் இல்லை. எழுந்தவன், "மாமா, மேலே இருக்கும் கல் வழுக்கவில்லை; தண்ணீருக்குள் இருக்கும் கல் மட்டும் ஏன் வழுக்குகிறது?" என்று கேட்டான். பாசி என்று ஒரு சொல்லில் விடை கூறி முடித்தோம். ஆனால் அலுவலகத்தில் கோப்புகளைப் புரட்டிப் பழகிய நமக்கு, ஒரு வினாவுக்கு ஒரு சொல்லில் குறிப்பெழுதி அனுப்பிவிட்டால் அது மீண்டும் நம் மேசைக்கே திரும்பி வரும் என்பது தெரியும். அவ்வினாவும் திரும்பி வந்தது.

கல்லாற்று நீர் வாமனபுரம் ஆறாகப் பெருகுகிறது. 88 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வாறு, சிறையின்கீழுக்கு அருகே காயலில் கலந்து, முதலப்பொழி என்னும் முகத்துவாரத்தின் வழியே அரபிக் கடலை அடைகிறது. சில வாரங்கள் கழித்து வேறொரு வேலையாக அப்பக்கம் சென்றபோது, கரையில் கவிழ்த்து வைத்த வள்ளம் ஒன்றின் அடிப்புறத்தை மீனவ முதியவர் ஒருவர் இரும்புத் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தார். பச்சைப் பாசியும், வெண்ணிறக் கூம்பு கூம்பான ஓடுகளும், சிறு சிப்பிகளும் மணலில் உதிர்ந்தன. "என்ன பெரியவரே, இவ்வளவா ஒட்டிவிடும்?" என்று கேட்டோம். "கரையேற்றாமல் விட்டால் ஒட்டாமல் என்ன செய்யும், சாரே?" என்றார் அவர்.

அவ்விடையில் பெரியதொரு வரலாறு அடங்கியிருப்பதைப் பின்னர்ப் படித்தறிந்தோம். கலத்தின் அடியில் ஒட்டும் உயிர்களோடு மனிதன் நடத்திய நெடும் போரின் வரலாறு அது. அதில் நம் கரைக்கும் ஓர் இடம் உண்டு. அதனை இக்கட்டுரையில் ஒருவாறு காண்போம்.

ஒட்டுவன யாவை?

கடல்நீரில் ஒரு பலகையை இட்டால், சில மணி நேரத்திற்குள் நீரில் கரைந்துள்ள உயிர்ப்பொருள்கள் அதன்மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. அப்படலத்தில் பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. அடுத்துக் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் வருகின்றன. கையால் தடவினால் வழவழப்பாகத் தோன்றுவது இக்கட்டந்தான். கல்லாற்றுப் பாறையில் நம் சிறுவனை வீழ்த்தியதும் இத்தகையதொரு படலமே. ஆற்றில் இவ்வளவோடு பெரும்பாலும் நின்றுவிடுவது கடலில் நிற்பதில்லை. பச்சைப் பாசிகளின் வித்துகள், குழாய்ப் புழுக்கள், சிப்பிகள், ஆளிகள் ஆகியவற்றின் குஞ்சுகள் எனக் கூட்டம் தொடர்கிறது.

இக்கூட்டத்தில் தலைமை பெற்றது பார்னக்கிள் எனப்படும் உயிர். கூம்பு வடிவான சுண்ணாம்பு ஓட்டைக் கண்டு இதனைச் சிப்பி இனம் என்றே பலரும் எண்ணுவர். உண்மையில் இது நண்டுக்கும் இறாலுக்கும் உறவு. குஞ்சுப் பருவத்தில் நீந்தித் திரிந்து, இடம் தேர்ந்து, தலையைக் கீழே வைத்துப் பசை சுரந்து ஒட்டிக்கொள்ளும்; பின் தன்னைச் சுற்றி ஓட்டுச் சுவர் எழுப்பி, கால்களை வெளியே நீட்டி நீரிலுள்ள உணவை வாரி உண்ணும். ஒட்டிய இடத்தை அது மீண்டும் விடுவதில்லை. சார்லஸ் டார்வின் என்னும் பேரறிஞர், உயிரினத் தோற்றம் பற்றிய தம் நூலை எழுதுமுன், 1846 முதல் 1854 வரை எட்டாண்டுகளை இச்சிற்றுயிரை ஆராய்வதிலேயே செலவிட்டார்.

மேலே ஒட்டுவன இவை. உள்ளே துளைப்பது கப்பற்புழு. பெயரளவில் புழுவாயினும் இது சிப்பியின் இனம். இதன் சிறு ஓடு இரண்டும் தலைப்புறத்தில் அரம்போல அமைந்து மரத்தை அராவுகின்றன. ஊசித் துளையளவு வாயிலில் நுழைந்து, உள்ளே வளர்ந்து, பலகையைத் தேன்கூடு போலாக்கிவிடும். வெளியிலிருந்து நோக்குவார்க்குப் பலகை முழுமையாகவே தோன்றும். 1731-ஆம் ஆண்டில் நெதர்லாந்து நாட்டில் கடலணைகளைக் காத்து நின்ற மரத்தூண்களை இப்புழு அரித்து, நாட்டையே நடுங்கச் செய்தது. அதன்பின் அவர்கள் மரத்தை நம்புவதை விட்டுக் கல்லால் அணைகளைக் காக்கத் தொடங்கினர்.

அடியில் ஒட்டிய உயிர்கள் கலத்தை இழுத்துப் பிடிக்கின்றன. சுண்ணாம்பு ஓட்டுயிர்கள் மிகுதியாகப் படிந்த போர்க்கப்பல் ஒன்று, தூய அடியுடன் செல்லும் அதே வேகத்தில் செல்வதற்கு 86 விழுக்காடு வரை கூடுதல் ஆற்றல் வேண்டியிருக்கும் என்று 2007-ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்று கணித்தது. பாய்மரக் காலத்தில் இவ்விழப்பு நாள்களாகக் கணக்கிடப்பட்டது. இன்று மண்ணெண்ணெயாகவும் டீசலாகவும் கணக்கிடப்படுகிறது.

நம் கரையின் பழைய வழி

கன்னியாகுமரி முதல் அஞ்சுதெங்கு வரையுள்ள கரை, 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதியாகவே இருந்தது. அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆட்சிக் கோடு மாறினும் கடற்றொழிலில் இக்கரை ஒன்றே. பேரலை வந்து மோதும் திறந்த கடற்கரை இது. இயற்கைத் துறைமுகம் அரிது. இக்கரைக்கு ஏற்ற கலமாக வழங்கியது கட்டுமரம். இலேசான மரத்தண்டுகளைக் கயிற்றால் பிணைத்த இக்கலத்தின் பெயர் ஆங்கிலத்திலும் சென்று வழங்குகிறது. 1697-இல் வெளியான தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தை வருணித்துள்ளார்.

கட்டுமரத்துக்கும் நம் பொருளுக்கும் என்ன தொடர்பு? கடலிலிருந்து திரும்பிய மீனவர் கட்டுமரத்தை மணலில் ஏற்றி, கயிற்றை அவிழ்த்து, தண்டுகளைத் தனித்தனியே வெயிலில் காயவிடுவர். நீரை உறிஞ்சிய மரம் கனத்துவிடும். காய்ந்தால்தான் மறுநாள் நன்கு மிதக்கும். அவர்கள் அவ்வாறு செய்ததன் முதற்காரணம் அதுவே. ஆயினும் அதனால் மற்றொரு பயனும் விளைந்தது. ஒட்ட வந்த பார்னக்கிள் குஞ்சும், துளைக்க வந்த புழுக்குஞ்சும், வேர்பிடிக்குமுன் வெயிலில் உலர்ந்து மடிந்தன. நாள்தோறும் கரையேறும் கலத்தில் அவை குடியேற வழியே இல்லை. விலைகொடுத்து வாங்கிய மருந்து எதுவும் அன்று தேவைப்படவில்லை. மணலும் வெயிலும் நாலைந்து பேரின் தோள்வலியுமே மருந்து.

காயலிலும் கழிமுகத்திலும் நீரிலேயே கிடக்கும் வள்ளங்களுக்கு வேறு காப்பு வேண்டும். நாஞ்சில் நாட்டார் அயனி என்றும் மலையாளத்தார் ஆஞ்ஞிலி என்றும் கூறும் மரத்தின் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, இரும்பாணி இன்றியே கெட்டுவள்ளம் செய்தனர். பலகை இணையும் இடங்களில் நார் அடைத்து மூடுவதைத் தமிழில் கலப்பற்று என்பர். வெளிப்புறத்தில் மீனெண்ணெய் பூசினர். போர்த்துக்கேயர் வந்தபின் முந்திரி மரம் இக்கரையில் பரவிற்று. நாஞ்சில் நாட்டில் கொல்லாங்கொட்டை என வழங்கும் அதன் கொட்டைத் தோட்டில் எரிச்சலூட்டும் எண்ணெய் ஒன்று உண்டு. கையில் பட்டால் தோலைப் பொசுக்கும் அவ்வெண்ணெயும் வள்ளத்துக்குக் காப்பாயிற்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு மரம் நம் வள்ளத்துக்கு மருந்தாக அமைந்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

மூன்றாவது காப்பு, கல்லாறு போன்ற மலையாறுகள் தந்த நன்னீர். பார்னக்கிளும் சிப்பியும் பெரும்பாலும் உவர்நீரில் வாழ்வன. தென்மேற்குப் பருவமழையில் மலையாறுகள் பெருகிக் காயலில் புகும்போது உப்பு குன்றி, ஒட்டிய உயிர்களுட் பெரும்பகுதி மடியும். கொச்சிக் காயலில் நடந்த ஆய்வுகள், மழைக்காலத்தில் இவ்வுயிர்கள் குறைந்து, மழை ஓய்ந்து உப்பு ஏறியபின் மீண்டும் பெருகுவதைக் காட்டியுள்ளன. கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவந்து நன்னீரில் நிறுத்துவது உலகெங்கும் மாலுமிகள் அறிந்த முறையே. ஆனால் கப்பற்புழு சற்று வல்லது. நீர் ஒவ்வாதபோது துளையின் வாயைத் தன் உடலிலுள்ள மூடியால் அடைத்துக்கொண்டு சில வாரங்கள் தாங்கும். ஆகவே நன்னீர்ச் சிகிச்சைக்குப் பொறுமை வேண்டும்.

பிறர் கண்ட வழிகள்

பண்டைக் கிரேக்கரும் உரோமரும் கப்பலின் அடியை ஈயத் தகட்டால் போர்த்தினர். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சார்ந்ததாகிய, சைப்பிரசுத் தீவின் கைரீனியாவுக்கருகே மூழ்கிக் கிடந்து கண்டெடுக்கப்பட்ட வணிகக் கலம் அதற்குச் சான்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் கீழ்த்திசைக் கடல்களில் பயணம் செய்த மார்க்கோ போலோ இரு செய்திகளைத் தருகிறார். ஓர்முசுத் துறையில் தைத்த கப்பல்களுக்கு மீனெண்ணெய் பூசினர் என்பது ஒன்று. சீனத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த பெருங்கப்பல்களில், ஓராண்டுப் பயணத்துக்குப்பின் பழைய பலகைகளின்மேல் புதிய பலகை ஒன்றை அறைந்து பழுது பார்த்தனர் என்பது மற்றொன்று.

ஐரோப்பிய மாலுமிகளோ கப்பலை ஆழமற்ற துறையில் ஒருபுறமாகச் சாய்த்து, வெளிப்பட்ட அடியைச் சுரண்டி, தீயால் வாட்டி, மறுபுறமும் அவ்வாறே செய்தனர். நீண்ட பயணத்தில் இது பல நாள் வேலை. பகைவர் வரின் சாய்ந்து கிடக்கும் கப்பல் தற்காத்துக்கொள்ளவும் இயலாது.

செம்பு செய்த புரட்சி

1761-ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை, அலாரம் என்னும் போர்க்கப்பலின் அடியைச் செப்புத் தகட்டால் போர்த்தி மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. திரும்பி வந்தபோது பலகையில் புழு இல்லை; அடியில் பார்னக்கிளும் மிகுதியாக இல்லை. ஆனால் தகட்டைப் பிணைத்த இரும்பாணிகள் பல உளுத்துப்போயிருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புத் தாள் எங்கே கிழியாமல் இடையில் சிக்கியிருந்ததோ, அங்கே மட்டும் ஆணிகள் நலமாக இருந்தன. செம்பும் இரும்பும் கடல்நீரில் ஒன்றையொன்று தொட்டால் இரும்பு கரைந்து அழியும் என்னும் உண்மை இவ்வாறு வெளிப்பட்டது. ஆயினும் அமெரிக்க விடுதலைப் போரின் நெருக்கடியில், சார்லஸ் மிடில்டன் என்பாரின் முயற்சியால், 1779 முதல் ஆங்கிலக் கடற்படை முழுமைக்கும் செம்பு போர்த்தப்பட்டது. பின்னர் இரும்பாணிக்கு மாற்றாகச் செப்புக் கலவை ஆணிகள் வந்தன.

செம்பு எவ்வாறு காக்கிறது? அது சிறிது சிறிதாகக் கடல்நீரில் கரைகிறது. கரைந்த செம்பு ஒட்ட வரும் குஞ்சுகளுக்கு நஞ்சாகிறது. இவ்வுண்மை உலகுக்குத் தெளிவாகப் புலப்பட்டதில் நம் மலையாளக் கரையில் பிறந்த கப்பல் ஒன்றுக்குப் பங்குண்டு.

அக்காலத்தில் ஆங்கிலேயர் இந்தியத் தேக்கை நாடினர். தேக்கு என்னும் நம் சொல்லே அவர்கள் வாயில் "டீக்" ஆயிற்று. பம்பாயில் வாடியா குடும்பத்தார் மலபார்த் தேக்கால் கட்டி 1817-இல் வெள்ளோட்டம் விட்ட ஒரு போர்க்கப்பல், திருகோணமலையின் பெயரைத் தாங்கியது; இன்றும் அது இங்கிலாந்தின் ஆர்ட்டில்புல் நகரில் மிதந்து நிற்கிறது. கொச்சியிலும் ஆங்கிலக் கடற்படைக்குக் கப்பல்கள் கட்டப்பட்டன. 28 பீரங்கிகள் கொண்ட சமராங் அவற்றுள் ஒன்று. செம்பு போர்த்திய அக்கப்பல் 1824-இல் இங்கிலாந்து சேர்ந்தபோது அதன் அடியில் களையும் கடலுயிர்களும் படிந்திருந்தன.

அவ்வேளையில் சர் அம்ஃப்ரி டேவி என்னும் வேதியியல் அறிஞர், கரைந்து தேயும் செம்பைக் காப்பது எப்படி என ஆராய்ந்துகொண்டிருந்தார். செம்போடு இரும்பையோ துத்தநாகத்தையோ இணைத்தால், அது தான் கரைந்து செம்பைக் காக்கும் என்று அவர் கண்டார். சமராங் கப்பலின் முன்னும் பின்னும் வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தி நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினர். தொடர்ந்து பிற கப்பல்களிலும் பொருத்தினர். டேவியின் கணிப்பு பொய்க்கவில்லை. செம்பு தேயாமல் நின்றது. ஆனால் தேயாத செம்பு நஞ்சு உமிழவில்லை. ஆதலின் அவ்வாறு காக்கப்பட்ட கப்பல்களின் அடியில் பார்னக்கிளும் பாசியும் செழித்து வளர்ந்தன. 1825-இல் கடலோடும் கப்பல்களிலிருந்து அக்கட்டிகளை அகற்றுமாறு கடற்படை ஆணையிட்டது. செம்பு தன்னை அழித்துக்கொண்டே கப்பலைக் காத்து வந்தது என்பதை இந்நிகழ்ச்சி ஐயமின்றி நிறுவிற்று. டேவி கண்ட முறை வீணாகவில்லை. எஃகுக் கப்பல்கள் துருப்பிடியாமல் இருக்க இன்றும் அடியில் துத்தநாகக் கட்டிகளைப் பொருத்துகின்றனர்.

நஞ்சின் விலை

இரும்புக் கப்பல்கள் வந்தபின், இரும்பை அரிக்கும் செப்புத் தகடு பயன்படாமற் போயிற்று. செம்புப் பொடியும் பிற நஞ்சுகளும் கலந்த வண்ணப்பூச்சுகள் அதன் இடத்தைப் பெற்றன. 1960-களில் வெள்ளீயச் சேர்மமாகிய டிரைபியூடைல் டின் கலந்த பூச்சு பரவிற்று. பல ஆண்டுகள் அடியைத் தூய்மையாக வைத்த அப்பூச்சைக் கப்பல் உரிமையாளர்கள் பெரிதும் பாராட்டினர்.

விலை வேறிடத்தில் வெளிப்பட்டது. பிரான்சு நாட்டின் ஆர்க்கஷோன் வளைகுடாவில், 1970-களின் பிற்பகுதியில், ஆளி வளர்ப்போர் தம் ஆளிகளின் ஓடுகள் உருக்குலைந்து தடித்துப்போவதையும் குஞ்சுகள் பிழையாமற் போவதையும் கண்டு திகைத்தனர். அருகே நின்ற உல்லாசப் படகுகளின் பூச்சே காரணம் எனத் தெரிந்தது. கடல்நத்தைகளில் பெண்ணினத்துக்கு ஆண் உறுப்பு முளைத்து இனப்பெருக்கமே நின்றுபோன செய்தியும் வெளிவந்தது. 1982-இல் பிரான்சு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இப்பூச்சைத் தடை செய்தது. 2001-இல் உலகக் கடல்சார் அமைப்பு உடன்படிக்கை ஒன்றை நிறைவேற்றியது. 2008 செப்டம்பர் 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. முதல் ஆளி உருக்குலைந்ததற்கும் உலகம் கதவடைத்ததற்கும் இடையே முப்பதாண்டுகள் கழிந்தன. கோப்புகள் நம் அலுவலகத்தில் மட்டும் மெல்ல நகர்வதில்லை!

நம் நாட்டு ஆய்வுகள்

இத்துறையில் நம்மவர் பணியும் சிறியதன்று. சென்னைத் துறைமுகத்தில் ஒட்டி வாழும் உயிர்களின் வளர்ச்சியையும் இனப்பெருக்கத்தையும் ஆராய்ந்து எம். டேனியல் பால் 1942-இல் கட்டுரை வெளியிட்டார். குளிர்நாட்டுக் கடல்களைவிட நம் கடலில் இவ்வுயிர்கள் மிக விரைவாக வளர்வதையும், ஆண்டின் பெரும்பகுதி இனம் பெருக்குவதையும் இத்தகைய ஆய்வுகள் காட்டின. எனவே குளிர்நாட்டுப் பூச்சும் அவர்தம் கால அட்டவணையும் நமக்கு அப்படியே பொருந்தா.

1957-இல் கொச்சியில் தொடங்கப்பெற்ற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரக்கலங்களைக் காக்கும் மருந்துகளையும், அலுமினியக் கலவைத் தகடு, கண்ணாடி இழை ஆகியவற்றால் அடியைப் போர்த்தும் முறைகளையும் ஆராய்ந்தது. அயனி மரம் அரிதாகி விலை ஏறியபோது, பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு மருந்தேற்றி வள்ளம் செய்யும் முறையையும் அந்நிறுவனம் உருவாக்கியது. திருவனந்தபுரத்திலேயே, கேரளப் பல்கலைக்கழகப் பேராசிரியர் என். பாலகிருஷ்ணன் நாயர் மரம் துளைக்கும் கடலுயிர்களைத் தம் வாழ்நாள் ஆய்வுப் பொருளாகக் கொண்டார். அவரும் எம். சரஸ்வதியும் 1971-இல் கப்பற்புழுவின் வாழ்வியல் பற்றி எழுதிய நெடுங்கட்டுரை உலக அறிஞர்களால் மதிக்கப்படுவது. மழைக்கால இழுவலைத் தடை பற்றி ஆராயக் கேரள அரசு அமைத்த 1989-ஆம் ஆண்டுக் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இன்றைய நிலை

1980-களில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் முதலிய ஊர்களில் ஒட்டுப்பலகை வள்ளங்கள் கட்டப்பெற்றுக் கட்டுமரத்தின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கின. வெளியே மாட்டும் இயந்திரம் வந்தது. பிறகு கண்ணாடி இழை வள்ளங்கள் பெருகின. கப்பற்புழு கண்ணாடி இழையைத் துளைப்பதில்லை. அவ்வகையில் இது பெருவெற்றியே. ஆனால் பார்னக்கிளுக்கு மரமும் ஒன்றே, கண்ணாடி இழையும் ஒன்றே.

முதலப்பொழியில் நாம் கண்ட முதியவரிடம் மீண்டும் வருவோம். அவர் கூறியவற்றைத் தொகுத்தால் இவ்வளவு: இளமையில் அவர் வீட்டுக் கட்டுமரம் நாள்தோறும் மணலில் காய்ந்தது, சுரண்டும் வேலையை அவர் அறியார். இன்று வள்ளம் பெரிது, இயந்திரம் கனம். தள்ளி ஏற்ற ஆள் இல்லை. பிள்ளைகள் வளைகுடா நாடுகளுக்குச் சென்றுவிட்டனர். அனைத்துக்கும் மேலாக, ஏற்றி வைக்க மணலே குறைந்துவிட்டது. ஆகவே வள்ளம் துறையின் நீரிலேயே கிடக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் அடி கனக்கிறது. எண்ணெய்ச் செலவு ஏறுகிறது. பூச்சு வாங்கினால் அதற்கும் செலவு. இவ்வாறு கூறியபோது அவர் யாரையும் நொந்துகொள்ளவில்லை. கணக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

திருவனந்தபுரம் மாவட்டக் கரையில் சங்குமுகம், வலியதுறை முதலிய இடங்களில் கடல் மணலை அரித்து வீடுகளையும் சாலையையும் விழுங்கியதை நாம் அனைவரும் நேரில் கண்டுள்ளோம். மணல் போனால் வீடு போகும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. நூற்றாண்டுகளாகக் கலத்தடியைக் காத்துவந்த உலர்களமும் அதனோடு போயிற்று என்பது பலருக்குத் தெரிவதில்லை. மணலும் வெயிலும் செலவின்றிச் செய்த வேலையை இனிச் செப்பு கலந்த பூச்சு செய்யவேண்டும். அச்செம்பு கரைந்து சேருமிடம், அம்மக்கள் மீன் பிடிக்கும் அதே நீர்தான். பொழியின் வாய் மழைக்காலத்தில் திறந்து கோடையில் மணலால் மூடிக்கொள்வது முன்னைய இயல்பு. அலைத்தடுப்புச் சுவர்கள் எழுப்பி வாயை எப்போதும் திறந்து வைத்தால், உவர்நீரும் எப்போதும் உட்புகும். கல்லாற்றின் நன்னீர் செய்துவந்த சிகிச்சைக்கும் அதனால் காலம் குறுகும் அன்றோ?

துறைமுகங்கள் வேண்டா என்று நாம் கூறவில்லை. விழிஞ்ஞத்தில் 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பெருந்துறைமுகத்தில் உலகின் மிகப்பெரிய சரக்குக் கப்பல்கள் வந்து நிற்கின்றன. அதே விழிஞ்ஞத்தில், பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பியை மூச்சடக்கி மூழ்கி எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள் உள்ளன. கப்பலடியில் பகையாகிய சிப்பி அவர்களுக்குப் பாறையில் சோறாகிறது. ஆதலின் அடியைத் தூய்மை செய்யும்போது எது கரைகிறது, எது உதிர்கிறது என்று கவனிப்பது அவர்தம் சோற்றைப் பற்றிய கவனிப்பாகும்.

உதிர்வதிலும் ஓர் இடர் உண்டு. கரீபியக் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட ஒரு சிறு சிப்பி 1967-இல் விசாகப்பட்டினத் துறைமுகத்தில் காணப்பட்டது. கப்பல்களோடு வந்த குடியேறி அது. அண்மை ஆண்டுகளில் தென்னமெரிக்க இனமாகிய வேறொரு சிப்பி கொச்சிக் காயலிலும் கொல்லத்து அஷ்டமுடிக் காயலிலும் பரவி, அங்கே மட்டி வாரிப் பிழைப்போரைக் கவலையில் ஆழ்த்தியுள்ளது. கப்பலின் அடியில் ஒட்டுவன பயணச்சீட்டு இன்றி உலகைச் சுற்றுகின்றன. இதனை உணர்ந்தே, கப்பலடியைத் தூய்மையாக வைப்பதற்கான நெறிமுறைகளை உலகக் கடல்சார் அமைப்பு 2011-இல் வகுத்து, 2023-இல் திருத்தியது.

முடிவுரை

ஈயம், செம்பு, வெள்ளீயம் என இதுகாறும் கண்ட வழிகளை ஒருங்கே நோக்கினால் ஒன்று புலப்படும். கலத்தைக் காக்க மனிதன் கண்ட ஒவ்வொரு வழிக்கும் விலை உண்டு. சில வழிகளில் அவ்விலையை மனிதன் தன் உழைப்பால் கொடுத்தான். சில வழிகளில் கடலைக் கொடுக்கச் செய்தான். நம் கரை மக்கள் கலத்தைத் தோளால் தள்ளி மணலில் ஏற்றியபோது முதல் வகையைக் கைக்கொண்டனர். அவர்களைப் பழைய உழைப்புக்கே திரும்புக என்று மின்விசிறியின் கீழ் அமர்ந்து எழுதும் நாம் அறிவுரை கூறுவது முறையாகாது. ஆனால் சில செய்யலாம். ஒவ்வொரு மீன்துறையிலும் வள்ளத்தை இழுத்து ஏற்றிக் காயவைக்க ஒரு சாய்தளமும் இழுவைப் பொறியும் அமைக்கலாம். சுரண்டியவை மீண்டும் நீரில் விழாமல் திரட்டலாம். எஞ்சியிருக்கும் மணலைக் காக்கலாம். இவை எட்டாக் கனிகள் அல்ல. பணம் ஒதுக்கும் கோப்பில், உலர்களம் என்னும் ஒரு சொல் இடம்பெற்றால் போதும்.

வினாவெழுப்பிய சிறுவனுக்கு நாம் இன்னும் கடன்பட்டுள்ளோம். அடுத்த விடுமுறைக்குக் குடும்பங்களோடு முதலப்பொழிக்குச் செல்வதாக எண்ணியுள்ளோம். கல்லாற்றில் அவன் காலை வழுக்கிய படலம், கீழே கடலில் என்னவாக வளர்கிறது என்பதை அவன் கண்ணாலேயே காணட்டும். அம்முதியவர் அன்றும் கரையில் இருப்பாராயின், நம்மைவிட நன்றாக அவரே அவனுக்கு விடை கூறுவார்.